வலிக்கிற இடத்தில் எல்லாம் கை வைக்காதீர்கள்: தொக்கணம் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து தொக்கணம், அதாவது சித்த மருத்துவ முறையில் உடம்பு பிடித்துவிடுவது, பழக வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கை நல்ல கை, ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நகம் வெட்டாமல் வருவது, எண்ணெயின் சூட்டைப் பார்க்காமல் ஊற்றுவது, சாப்பிட்ட வயிற்றோடு ஆளைக் குப்புறப் படுக்க வைப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். அவை இங்கே வேண்டாம்.

வலித்தால்தான் குணமாகும் என்று நம்புவது

இந்த நம்பிக்கை படுத்திருப்பவருக்கும் இருக்கிறது, பிடித்துவிடுபவருக்கும் இருக்கிறது. தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர், "நல்லா ஏறி அமுக்கு சார், வலிச்சாத்தான் போவும்" என்பார். பழகுகிற பையனும் முழங்கையை ஊன்றி உடம்பின் பாரம் முழுவதையும் இறக்குவான். மறுநாள் காலையில் அந்த மனிதர் பாயை விட்டு எழுந்திருக்க முடியாது.

வலி வந்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். இறுகிய தசையை மேலும் அழுத்தினால் மேலும் இறுகும். அதையும் மீறி அழுத்தினால் நார்கள் நசுங்கி உள்ளே ரத்தம் கட்டும். ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாரா, கால்விரலை மடக்குகிறாரா, தாடையை இறுக்குகிறாரா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வாயால் "பரவால்ல, அமுக்கு" என்று சொன்னாலும் மூச்சு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சித்த மருத்துவத்தில் தொக்கணத்தை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். அழுத்தல் ஒன்பதில் ஒன்று. புதியவர்களில் பாதிப் பேருக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.

வலி சொன்ன இடத்தையே பிடிப்பது

பீடி சுற்றும் அக்கா ஒருவர் வந்து "கை மரத்துப் போவுது" என்றால், உடனே கையைப் பிடித்து எண்ணெய் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த விரல் மரக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் ஒரு கதை. சுண்டுவிரல் என்றால் வேறு கதை. முதல் மூன்று விரல்களும் மரத்து, ராத்திரி தூக்கத்தில் எழுப்பி, கையை உதறினால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரல் என்றால் முழங்கையின் உள்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். கழுத்தைப் பின்னால் சாய்த்து வலிக்கிற பக்கம் திருப்பும்போது கை வரைக்கும் இழுக்கிறதா? அப்படியானால் வேர் கழுத்தில் இருக்கிறது. மடியில் முறத்தை வைத்து நாள் முழுக்கக் குனிந்திருப்பவருக்கு இந்த மூன்றுமே வரலாம். கேட்காமல் பிடித்தால் அன்றைக்கு இதமாக இருக்கும். மறுநாள் அதே முறம், அதே மரப்பு.

கெண்டைக்கால் வலியும் அப்படித்தான். படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்குங்கள். பாதி உயரத்திலேயே இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் அடித்ததுபோல் இழுத்தால், கெண்டையை எவ்வளவு பிசைந்தாலும் பயனில்லை.

நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடும் இடங்கள்

மூன்று இடங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே தட்டுப்படும் எலும்புக் குமிழின் கழுத்துப் பகுதி. முழங்கையின் உள்பக்கப் பள்ளம். மேற்கையின் நடுவே வெளிப்பக்கம். முதல் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி நிமிஷக்கணக்கில் அழுத்தினால் பாதம் தொங்கிப் போகலாம். நடக்கும்போது செருப்பு கழன்று விழும், படியில் கால்விரல் தட்டும். மூன்றாவது இடத்தில் என்றால் மணிக்கட்டு தொங்கும்.

அடிபட்ட முழங்கையை நீவுவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் இது நின்றபாடில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மாமரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் பிள்ளைகள் விழுகிறார்கள். ஜூன் ஜூலையில் விறைத்த கையோடு வருகிறார்கள்.

கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். பிள்ளைகளின் முழங்கையில் வரும் முறிவுகளில் அடிக்கடி வருவது இதுதான். சில வீடுகளில் "சுளுக்குதான்" என்று அன்றைக்கே எண்ணெய் போட்டு நீவத் தொடங்குவார்கள். இன்னும் சிலர் மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு, மூன்று நாலு வாரம் கழித்துப் பிரிப்பார்கள். பிரித்த அன்று கை முழுதாக மடங்காது, முழுதாக நீளாது. அது இயல்பு. ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு மனசு கேட்காது. நம்மிடம் கூட்டி வருவார்கள். தவறு தொடங்குவது இங்கேதான்.

முழங்கையின் முன்பக்கம், எலும்பை ஒட்டியே ஒரு தசை இருக்கிறது. எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ அந்தத் தசையும் கிழிந்து, ரத்தம் கட்டும். சும்மா விட்டால் உடம்பே அதைக் கரைத்து ஆற்றிக்கொள்ளும். தினமும் தேய்த்து, நீட்டி, மடக்கினால் ஆறுகிற இடம் திரும்பத் திரும்பக் கிழிகிறது. கடைசியில் அந்த இடத்தில், தசைக்குள்ளேயே, உடம்பு எலும்பை வளர்த்துவிடுகிறது. மூன்று நாலு வாரத்தில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். தேய்க்கத் தேய்க்க வளரும். கை மடங்கவில்லையே என்று இன்னும் தேய்ப்பார்கள்.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒரு பையனைப் பாட்டி கூட்டி வந்தார். வலது கை. சட்டையின் மேல் பித்தானைத் தொடச் சொன்னேன், எட்டவில்லை. ஒரு பன்னைக் கையில் கொடுத்தேன். கை வாய்க்கு வராததால், தலையைக் குனிந்து கைக்குக் கொண்டுபோய்க் கடித்தான். அதை அவன் கஷ்டப்பட்டுச் செய்யவில்லை. அப்படிச் சாப்பிட்டே பழகிவிட்டிருந்தான். முழங்கையின் மடிப்பில் மெல்ல விரல் வைத்தேன். தசை என்றால் விரலுக்கடியில் நழுவிக் கொடுக்கும். இது அசையவே இல்லை. நீளமாக, விளிம்போடு, கெட்டியாக இருந்தது.

"கட்டு பிரிச்சதுல இருந்து தினம் ரெண்டு வேளை சுடச்சுட எண்ண வெச்சு உருவினோம் நைனா. சொம்புல தண்ணி ஊத்தித் தொங்கவும் வுட்டோம். அப்பவும் நீளல" என்றார் பாட்டி.

உருவிவிட்டவர் அதே தெருக்காரர். காசு கூட வாங்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இப்போது அறுவை செய்தால் இன்னும் அதிகமாக வளரும், அந்த எலும்பு முற்றும் வரை பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். எழுதப் பழகும் வயதில் ஒரு பிள்ளையின் வலது கை.

விவரம் தெரியாதவர் செய்தால் வருத்தப்படலாம். சொல்லிக் கொடுத்த பிறகும் நம் ஆட்களே "லேசாத்தான் சார் நீவுனேன்" என்று வந்து நிற்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. லேசாகவும் வேண்டாம். பிண்டத் தைலம் என்றாலும் வேண்டாம், உளுந்துத் தைலம் என்றாலும் வேண்டாம். அடிபட்ட முழங்கையை இழுத்து நீட்டுவது, சொம்பு தொங்கவிடுவது, பக்கெட் தூக்க வைப்பது எதுவுமே வேண்டாம்.

"நாம மாட்டேன்னா அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க" என்பார்கள். உண்மைதான். அதனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள், வீட்டில் செய்ய வேலை கொடுங்கள். மருத்துவர் கையை அசைக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்றால், பிள்ளை தானாக அசைக்கட்டும். முகம் கழுவட்டும், தலை வாரட்டும், கேரம் ஆடட்டும், பந்து எறியட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டு அவனாகவே மடக்கி நீட்டட்டும். பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படியே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கை திரும்பிவிடும். நாளுக்கு நாள் மடங்குவது குறைந்தாலோ, முழங்கை சூடாகி வீங்கினாலோ, உடனே எலும்பு மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

புதிதாகக் கட்டுப் போட்ட கையோடு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருக்கின்றனவா? மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது அலறுகிறானா? அப்படியானால் வீக்கமோ கட்டின் இறுக்கமோ ரத்த ஓட்டத்தை நெருக்குகிறது. ஆறு மணி நேரம் அப்படியே விட்டால் தசை செத்துப்போகலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பக்கத்து மருத்துவமனைக்கு அப்போதே ஓட வேண்டும்.

கபடியில் முட்டி மோதித் தொடையில் ரத்தம் கட்டியவருக்கும் இதே விதிதான். தொடைத் தசையிலும் எலும்பு வளரும்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால்

தொடாதீர்கள்.

சரி, காரணம் சொல்லிவிடுகிறேன். ஹௌராவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்குபவர்கள், அறுவை முடிந்து லாட்ஜில் படுத்தே இருப்பவர்கள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வேலூரில் நிறைய. ஒரு பக்கக் கெண்டை மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். பிசைந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். உயிரே போகலாம்.

கழுத்தைத் திருகிச் சொடுக்குவது

வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம்.

மரத்த பாதத்தில் சூடு வைப்பது

சர்க்கரை நோயாளிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு "சூடு போதுமா" என்று அவரையே கேட்கிறார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் சூடும் காயமும் தெரியாமலே சேதமாகின்றன என்று இந்த ஊரிலிருந்துதான் எடுத்துக் காட்டினார். அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் பாதத்தைச் சோதிக்காமல் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலையும் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை. தெரியவில்லை என்றால் சூட்டை அந்தப் பாதத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இடுப்பு வலிக்காரரிடம் சிறுநீர் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது

கேட்டே ஆக வேண்டும், பெண்களிடமும். ஆண் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருந்தால் கூட வந்த அம்மாவையோ அக்காவையோ விட்டுக் கேளுங்கள். சிறுநீர் வரவில்லையா, அடக்க முடியவில்லையா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, இரண்டு காலும் வலுவிழந்திருக்கின்றனவா? இடுப்பு வலியோடு இதில் ஒன்று இருந்தாலும் தண்டுவடத்தின் கீழே நரம்புக் கொத்து நசுங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் படுக்க வைத்து எண்ணெய் தொடக் கூடாது. ஆட்டோ பிடித்து, அன்றைக்கே, அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். எப்போதிலிருந்து மரக்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.