ஆண்ட்ராய்டா, ஐபோனா: செயலி எழுதும் முன் செய்ய வேண்டியவை

குடியாத்தத்தில் நூலும் பாவும் கொடுத்து லுங்கி நெய்து வாங்கும் ஒருவர், தறிக்காரர்களின் கூலிக் கணக்குக்கு ஒரு செயலி வேண்டும் என்று கேட்டு வந்தால், முன்பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன் அந்தத் தறிக்காரர்களின் கைப்பேசிகளை வாங்கிப் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் கைப்பேசியைப் பற்றிய பகுதியைத் திறந்து, ஆண்ட்ராய்டின் பதிப்பு எண்ணையும் ஸ்டோரேஜில் மீதி இருக்கும் இடத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரிடம் பார்த்தாலே, எந்தத் தளத்துக்கு எழுதுவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டுதான் என்றாலும், அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது; உங்கள் செயலியைத் திறக்கப் போகிறவர்களின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கேட்டால் விடை மாறலாம். வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுக்குத் தோலின் நிறத்தையும் பதத்தையும் காட்டும் செயலி என்றால், அவர்களில் பலர் ஐபோன் வைத்திருக்கக்கூடும். அதே தொழிற்சாலைக்குள் உருப்படிகளை எண்ணிப் பதிவு செய்யும் மேஸ்திரியிடம் இருப்பதோ பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. இருவருக்கும் பொதுவாக ஒரே செயலியை எழுதி இருவரையும் சலிப்படையச் செய்வதைவிட, எது முதலில் வேண்டும் என்று முதலாளியையே சொல்ல வைப்பது நல்லது.

அடுத்தது செலவு. ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஐபோனுக்கு எழுதத் தேவையான எக்ஸ்கோடு மேக் கணினியில் மட்டுமே ஓடும். கூகுள் ப்ளேயில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். அந்த 'ஆண்டுதோறும்' என்ற சொல்லை நான் ஒருமுறை மறந்தேன். சந்தா முடிந்ததும் செயலி ஆப் ஸ்டோரிலிருந்து மறைந்துவிட்டது. ஏற்கெனவே இறக்கியவர்களிடம் அது ஓடிக்கொண்டிருந்ததால், புதிதாகத் தேடிய ஒருவர் போன் செய்யும் வரை எனக்கே தெரியவில்லை.

கூகுளும் முழுக்க எளிது என்று சொல்ல முடியாது. 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளர்களாக இருக்க வேண்டும். அக்கா, மச்சான், கல்லூரி நண்பர்கள் என்று ஆள் பிடிக்கும்போது பதினைந்து பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் மாதத்தில் இரண்டு மூன்று பேர் விலகிவிடுவது வழக்கம்.

ஆண்ட்ராய்டைத் தேர்ந்தெடுத்தால், உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஆப்பிள் கைப்பேசிகளை ஒரே நிறுவனம் செய்கிறது. ஆண்ட்ராய்டிலோ ஒவ்வொரு நிறுவனமும் பேட்டரியை மிச்சப்படுத்தத் தன் போக்கில் விதி வைத்துள்ளது. காலை ஆறு மணிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்ட வேண்டிய செயலி, என் கைப்பேசியில் நாள் தவறாமல் ஒலித்தது. அத்தையின் ஷியோமியில் மூன்றாம் நாளே மௌனமாகிவிட்டது. காரணம் தேடியபோது, அவர் நெடுநேரம் திறக்காத செயலிகளைக் கைப்பேசியே பின்னணியில் நிறுத்திவைத்திருப்பது தெரிந்தது. பேட்டரி செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கி, தானாகத் தொடங்கவும் அனுமதி கொடுத்த பிறகு மறுபடி ஒலித்தது. எனவே பழைய, விலை குறைந்த கைப்பேசி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மேஜையில் வைத்துக்கொள்வது, கணினிக்குள் கைப்பேசி போல ஓடும் மென்பொருளான எமுலேட்டரில் ஆயிரம் முறை சோதிப்பதைவிடப் பயனுள்ளது.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற செயலி எழுதும் கருவிகளில் ஒருமுறை எழுதி இரண்டு தளங்களுக்கும் தரலாம் என்பது உண்மைதான். ஆனாலும் ஐபோனுக்கான செயலியைக் கட்டமைக்கும் கடைசிக் கட்டத்துக்கு ஒரு மேக் தேவைப்படும். சொந்தமாக இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

சில இடங்களில் இரண்டுமே வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மை. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் சில நாட்களோ சில வாரங்களோ தங்கிவிட்டுப் போகிறார்கள். அறை வாடகையையும் சாப்பாட்டு நேரத்தையும் அறிந்துகொள்வதற்காக அவர்கள் ஒரு செயலியை இறக்கப் போவதில்லை. அங்கே ஒரு வலைப்பக்கமே போதும். அது எந்தக் கைப்பேசியிலும் திறக்கும், கூகுள் ப்ளே, ஆப் ஸ்டோர் என்று எந்தச் செயலிக் கடைக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அறிவிப்பு அனுப்ப வேண்டுமென்றால் மட்டும் கவனம் தேவை: ஐபோனில் அதன் இயங்குதளமான ஐஓஎஸின் 16.4 பதிப்பு முதல்தான், அதுவும் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்குத்தான், வலை அறிவிப்பு போகும். மற்றபடி, வங்காளியிலும் இந்தியிலும் எழுதிய அந்தப் பக்கத்தின் கியூஆர் குறியை, வரவேற்பு மேஜையில் சாவிகள் மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும்.