முல்லைத்தீவுக் கரைக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் திருவிழாவும் உறவினர் வீடுகளுமாக விடுமுறையைக் கழித்துவிட்டு, முல்லைத்தீவை அரை நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று கணக்கிடுவோர் பலர். அந்தக் கரைக்கு இரண்டு நாள்களாவது ஒதுக்குங்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும் என்பதால், பங்குனிக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட காலமே ஏற்றது.

போகும்போது ஏ-9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகவும், வரும்போது புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்கும் வாருங்கள். 1803 ஆகஸ்ட்டில் முல்லைத்தீவில் ஆங்கிலேயர் வசமிருந்த கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னி மன்னன் பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று தோற்ற கற்சிலைமடு, போகும் வழியில் இருக்கிறது. அங்கே அவனது தோல்வியை நினைவுக்கல்லில் பதித்தவர்கள் வென்ற ஆங்கிலேயரே. திரும்பும் வழியில், புதுக்குடியிருப்பருகே நீர் நடுவே துப்பாக்கி ஏந்தி நிற்கும் இராணுவ வெற்றிச் சின்னத்தைக் காணும்போது அந்தக் கல் நினைவுக்கு வரும்.

காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய், நண்டோ, நந்திக்கடல் என்னும் களப்பின் இறாலோ வாங்கித் தங்குமிடத்தில் சமைக்கக் கொடுங்கள். நண்டுக் குழம்பை இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டு மூடிவிடுவார்கள். மூடியைத் திறக்கும்போது எழும் வாசனைக்கே புட்டு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். உறைப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அது பிறகு வெறும் தேங்காய்ப்பால். சமைத்துத் தருபவருக்குரிய கூலியை, உறவுமுறை சொல்லிக் குறைக்காமல் கொடுங்கள்.

வட்டுவாகல் பாலத்தைக் கடந்தால் முள்ளிவாய்க்கால். மே 12 முதல் 18 வரை வடக்கு கிழக்கெங்கும் நினைவேந்தலாகக் காய்ச்சப்படும் கஞ்சி, 2009 இறுதிப்போரில் இந்த ஒடுங்கிய மணல் திட்டுக்குள் அடைபட்ட மக்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த அதே கஞ்சிதான்: அரிசி, தண்ணீர், உப்பு, கிடைத்தால் சிறிது தேங்காய்ப்பால். சிரட்டையில் தருவார்கள், ஊறுகாயோ சம்பலோ தேடாமல், கொடுத்தபடியே குடியுங்கள். சுடச்சுட இருப்பதால் சிரட்டையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு மெல்லவே உறிஞ்சவேண்டும். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்தவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள் என்பதை மனத்தில் வைத்து, பிறருடைய முகம் தெரியும் படங்களை அவர்களைக் கேட்காமல் பகிராதீர்கள். நீங்கள் விமானம் ஏறிய பின்பும் அவர்கள் அங்கேதான் இருக்கவேண்டும். 'அப்போது எங்கே இருந்தீர்கள்?' என்று யாரிடமும் நீங்களாகத் தொடங்கவேண்டாம். சொல்ல விரும்புகிறவர்கள் தாமாகவே சொல்வார்கள். படைமுகாம்களைப் படமெடுக்காதீர்கள், பற்றைக்குள் இறங்கவோ மணலில் கிடக்கும் இரும்பைத் தொடவோ வேண்டாம்.

நாள்கள் ஒத்துவந்தால் வைகாசி விசாகத்தையொட்டி வரும் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வரை நில்லுங்கள். கடலில் அள்ளிய உப்புநீரில் விளக்கெரிப்பது அங்குள்ள வழக்கம். பொங்கலன்று நந்திக்கடலோரம் நடக்கவும் இடமிராது. மாலைக்கு முன்பே போய்விடுங்கள்.