எஃப்-கிளாஸ் போட்டியில் வகுப்பு பிரிப்பது எப்படி?

எஃப்-கிளாஸ் என்பது தாங்கியில் வைத்த துப்பாக்கியால், படுத்தபடி, தொலைதூர இலக்கைச் சுடும் போட்டி. அதில் எஃப்-டிஆர், எஃப்-ஓப்பன் என இரு வகுப்புகள். முதல் வேலை எடை பார்ப்பது. எஃப்-டிஆர் துப்பாக்கி 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. எஃப்-ஓப்பனுக்கு 10 கிலோ. தொலைநோக்கியையும், பைபாடை (துப்பாக்கியைத் தாங்கும் இருகால் தாங்கி) பூட்டிச் சுடுபவரென்றால் அதையும் சேர்த்தே தராசில் வையுங்கள். பயிற்சியில் லேசான பைபாடு, போட்டியில் கனமானது என்று மாற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்து தோட்டா. எஃப்-டிஆரில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி. இரு வகுப்பையும் பிரித்து வைக்க ஒரு காரணம் காற்று. ஓப்பனில் பலரும் சுடும் 7 மி.மீ. கனத் தோட்டா, 1000 கஜத்தில் .308-ஐவிடக் குறைவாகவே விலகும். 10 வளையத்தின் விட்டமோ 10 அங்குலம்தான். ஓப்பனில் துப்பாக்கியின் முன்பகுதியை வைக்கத் தனி முன்தாங்கியும் உண்டு. ஆட்கள் குறைவென்று இரு வகுப்பையும் ஒரே பரிசுப் பட்டியலில் சேர்த்தால் டிஆர்காரர் அடுத்த மாதம் வரமாட்டார். மூன்றே பேர் என்றாலும் தனிப் பட்டியல் போடுங்கள்.

திறன் வகுப்பு வேறு கணக்கு. அமெரிக்க என்.ஆர்.ஏ.வின் (தேசிய ரைபிள் சங்கம்) ஹை பவர் ரைபிள் போட்டி அளவுகோல் சதவீதத்தில் போகும்: 84-க்குக் கீழ் மார்க்ஸ்மேன், 84 முதல் ஷார்ப்ஷூட்டர், 89 முதல் எக்ஸ்பர்ட், 94 முதல் மாஸ்டர், 97 முதல் ஹை மாஸ்டர். 600-க்கு 571 எடுத்தவர் 95.17, மாஸ்டர். எக்ஸ் எண்ணிக்கை (10 வளையத்துக்குள் இருக்கும் சிறு மைய வளையத்தில் பட்டவை) இதில் சேராது, சமநிலையை உடைக்க மட்டுமே.

வேண்டுமென்றே குறைத்துச் சுட்டு கீழ் வகுப்பில் ஒட்டிக்கொள்பவர் எங்கும் உண்டு. ஒரு நாள் மதிப்பெண்ணை நம்பாமல் பல போட்டிகளின் சராசரியை எடுங்கள். காற்றில்லாத காலை நேர மதிப்பெண் மட்டும் சேர்ந்தால் சராசரியும் பொய் சொல்லும்.