எஸ்தோனியாவைப் பார்த்து நாம் போடும் தப்புக் கணக்குகள்

மதுரையில் ஐ.டி. வளர்ச்சி பற்றிப் பேச்செடுத்தால், அரசுச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கிய வட ஐரோப்பிய நாடான எஸ்தோனியா எப்படியும் வந்துவிடும். இலந்தைக்குளம் பக்கத்து டீக்கடையிலேயே கேட்டிருக்கிறேன். அங்கே மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் மட்டும் 30 லட்சம் பேர்.

"சின்ன நாடு, அதான் சட்டுன்னு முடிச்சிட்டாங்க" என்பதுதான் முதல் தப்பு. தலைநகர் தாலினில், கணினி ஆராய்ச்சி நடந்த சைபர்நெட்டிக்ஸ் ஆய்வு நிறுவனம் 1960இலேயே வந்துவிட்டது. 1991இல் சோவியத் யூனியனிலிருந்து விடுதலை பெற்ற பிறகு, பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோகும் 'புலிப் பாய்ச்சல்' திட்டத்தை 1996இல் அறிவித்தார்கள். ஆள் தயாரான பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது, எல்லாத் தகவலையும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டார்கள் என்று நினைப்பது. உண்மை நேர்மாறானது. துறைகளின் கணினிகளை இணைக்க 2001இல் வந்த எக்ஸ்-ரோடு முறையில் தகவல் அந்தந்தத் துறையிடமே இருக்கும். ஒரு துறை கேட்க, இன்னொரு துறை பதில் அனுப்பும். நம் இ-சேவை மையத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மகளின் வருமானச் சான்றிதழுக்காக ரேஷன் கார்டு, ஆதார், டி.சி. ஜெராக்ஸ் எல்லாவற்றையும் துணிக்கடைக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தார். பாதிக்கு மேல் அரசு கொடுத்த தாள்கள், மறுபடி அரசிடமே காட்டுவதற்கு. அரசிடம் ஏற்கெனவே உள்ள தகவலை மக்களிடம் திரும்பக் கேட்கக் கூடாது என்பது எஸ்தோனியாவில் விதி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதியை, ஆப் அதற்கப்புறம்.

பலவீனத்தைப் பேசாமல் விடுவதும் தவறு. சேவைகள் பெரும்பாலும் ஒரே அடையாள அட்டையை நம்பி இருப்பதால், 2017இல் அதன் சிப்பில் குறை தெரிந்தபோது ஏறக்குறைய 7.5 லட்சம் அட்டைகள் ஆபத்துக்குள்ளாயின. இணையம் வழியாகப் பேச உதவிய ஸ்கைப்பின் மென்பொருளை எழுதியது எஸ்தோனியர்கள்; ஆனால் கம்பெனி 2005இல் ஈபேக்கும் 2011இல் மைக்ரோசாஃப்டுக்கும் போனது, 2025இல் சேவையே நின்றது. உள்ளூர்ச் சந்தை சின்னது என்பதால் முதல் நாளே வெளிநாட்டை நினைத்துப் பொருள் செய்கிறார்கள். அது அவர்களுடைய பலம். அதே காரணத்தால் தலைமையகமும் வெளியே போய்விடுகிறது. படித்த பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவைக்கும் நமக்கு இந்த வலி புதிதல்ல.

கடைசியாக இ-ரெசிடென்சி, அதாவது வெளிநாட்டவர் இணையம் வழியாகவே அங்கே கம்பெனி நடத்த எஸ்தோனியா கொடுக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை. "அண்ணே, அங்க கம்பெனி போட்டா வரியே இல்லையாம்ல?" என்று ஃப்ரீலான்ஸ் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். 2014 டிசம்பரில் தொடங்கிய இந்த அட்டை குடியுரிமை இல்லை, விசாவும் இல்லை. லாபத்தைக் கம்பெனிக்குள் வைத்திருக்கும்வரைதான் அங்கே வருமான வரி கிடையாது. வெளியே எடுத்தால் உண்டு. மதுரையில் குடியிருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனியில் வைத்திருக்கும் பங்கையும் சேர்த்து. ரிசர்வ் வங்கி விதிகள் வேறு இருக்கின்றன. விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன்பே ஒரு ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள் என்றுதான் அந்தத் தம்பியிடமும் சொன்னேன்.