ரத்தம் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்காத தரவு: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் டிங்கி (டெங்கு) நோயெதிர்ப்பு ஆய்வுக்கு ரத்தம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் முன் கை நீட்டியவர்களின் தரவு அது. மற்ற ஆய்வாளர்களுக்கும் அது பயன்பட வேண்டும், கொடுத்தவருக்குத் தலைகுனிவும் வரக்கூடாது.

பெயரை அழித்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஐசி (அடையாள அட்டை) எண் கோப்பிலேயே கிடக்கும். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஐசியை எடுத்துவிட்டாலும் '67 வயது, பெண், இன்ன தோட்டம், முன்பு பால்மரம் வெட்டியவர்' என்று ஒரே வரிசையில் இருந்தால், ஊர் மளிகைக் கடையில் யாரைக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கட்டத்தில் காசநோய்ச் சோதனை முடிவும் இருந்தால் என்ன ஆகும்? கோலாலம்பூருக்குப் போதுமான மறைப்பு இங்கே போதாது. வயதைப் பத்துப் பத்தாண்டாகத் தொகுங்கள். தோட்டத்துக்குப் பதில் மாவட்டம் போடுங்கள். ஆய்வு எண்ணையும் ஆளையும் இணைக்கும் பட்டியல் கடவுச்சொல்லோடு வேறிடத்தில் இருக்கட்டும், வாட்சாப் குழுவுக்கு அது போகவே கூடாது. எச்எல்ஏ (நோயெதிர்ப்பு மரபணுக்கள்) வகைப்பாடு மரபணுத் தகவல், உறவினர்களையும் சுட்டும். அனுமதி பெற்றவருக்கு மட்டும் திறக்கும் தரவுக் களஞ்சியமே அதற்குச் சரி.

அடுத்து எக்செல். கிருமித் துணுக்கை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகைப் புரதம் செல்லின் மேற்பரப்பில் எவ்வளவு நிற்கும் என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று மார்ச்1 (MARCH1). எக்செல் அதை மார்ச் முதல் தேதி ஆக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அதை மார்ச்எஃப்1 (MARCHF1) என மாற்றி, 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் காரணத்தையும் விளக்கியது. பழைய கோப்புகளில் இன்னும் பழைய பெயர்தான். நெடுவரிசையை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு ஒட்டுங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளக்கும் எலைசா சோதனையின் எண்ணை மட்டும் பதிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முதல்முறை டிங்கி வந்தவருக்கு, முதலில் உருவாகும் ஆன்டிபாடியான ஐஜிஎம் பொதுவாகக் காய்ச்சலின் ஐந்தாம் நாள் வாக்கில்தான் தெரியத் தொடங்கும். ரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள் என்று குறிக்காத 'நெகட்டிவ்' எதற்கும் உதவாது. சோதனைக் கிட்டின் தொகுதி எண்ணும் வேண்டும். கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே இருந்தால் 0 போடாதீர்கள், 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்றே எழுதுங்கள். சோதனை செய்யாதது வேறு, கண்டறிய முடியாதது வேறு. செல்களை ஒவ்வொன்றாக அளந்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அழகான படம் மட்டும் பகிர்ந்தால் யாரும் சரிபார்க்க முடியாது. கருவி தரும் எஃப்சிஎஸ் மூலக் கோப்பு, பயன்படுத்திய ஆன்டிபாடியின் குளோன் (ரகம்) பெயர், எந்தச் செல்களைப் பிரித்து எண்ணினீர்கள் என்ற கேட்டிங் முறை மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

'கேட்டால் தருகிறோம்' என்று கட்டுரையில் எழுதிவிட்டு விடுவதும் வழக்கமாகிவிட்டது. மாணவர் படிப்பு முடித்துப் போனால் தரவும் அவர் லேப்டாப்போடு போய்விடும். இம்போர்ட் (ImmPort) போன்ற நோயெதிர்ப்பியல் தரவுக் களஞ்சியங்கள் இதற்காகவே இருக்கின்றன.

ஆனால் களஞ்சியத்தில் போட ஒப்புதல் வேண்டும். மலாய்ப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். "உங்க ரத்தச் சோதனை விவரத்தைப் பெயர் இல்லாம வேற ஆய்வாளருக்கும் கொடுக்கலாமா பாட்டி?" என்று தமிழில் தனியாகக் கேளுங்கள், ஊசி போடும் முன்பே. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் பாதிப் பேர் பிள்ளைகளோடு கிள்ளானுக்கோ ஜொகூருக்கோ குடிபோயிருப்பார்கள்.