ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்: பழைய கம்ப்யூட்டரில் நாம் செய்யும் தவறுகள்

சென்னை தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒருநாள் காலை கடை திறந்ததும் அந்த அண்ணனிடமிருந்து போன். "தம்பி, நெட்டு வருது. ஆனா பேங்க் சைட்டு, ஈபி சைட்டு எதுவும் திறக்க மாட்டேங்குது. பாதுகாப்பு இல்லைன்னு செவப்பா காட்டுது. மறுபடியும் வைரஸா?"

'மறுபடியும்' என்று அவர் சொன்னதற்குக் காரணம் நான்தான். முந்தைய வாரம் இதே புகார் வந்தபோது வைரஸ் என்று முடிவு கட்டி, ஃபார்மட் அடித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்போதே தேதி தப்பாக இருந்தது. கையால் மாற்றினேனே தவிர, ஏன் தப்பானது என்று யோசிக்கவில்லை. இப்போது போய்த் திரையின் வலது மூலையைப் பார்த்தால், 2010 ஜனவரி 1.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கொடுப்பார்கள், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை பேட்டரி செத்தது வெளியே தெரியாது. இந்த அண்ணன் ஒழுங்கானவர், ராத்திரி மெயினை அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். அதனால் தினமும் காலையில் கம்ப்யூட்டர் பழைய வருஷத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2010-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். திறக்காது.

இதே பேட்டரி போனால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளின், அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். சில மெஷின்களில் ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முறை மாறி, விண்டோஸ் ஏறாமல் நீலத்திரை வரும். டிஸ்க் போச்சு என்று புது டிஸ்க் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தக் கோளாறானாலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

சரி, பேட்டரியை மாற்றினேன், தளங்கள் திறந்தன. கிளம்பும்போது அண்ணன் ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்து காட்டினார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடந்தன. பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட் (எழுத்துரு) போய்விட்டது. ஃபைல்கள் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. ஃபாண்டுகளோ விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் இருக்கும். அவற்றை நான் துடைத்துவிட்டேன்.

இப்போது எல்லா மெஷினும் பொதுவாகப் படிக்கும் எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகளில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக்கு மாட்டிய முகமூடி. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. முகமூடி இல்லாவிட்டால் அந்த ஐந்தும்தான் தெரியும். வேறு ஏதாவது தமிழ் ஃபாண்டைப் போட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. வானவில் என்ற இன்னொரு ஃபாண்டுக்கு வேறு கணக்கு, பாமினிக்கு வேறு. அதே ஃபாண்ட்தான் வேண்டும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் வேலை செய்பவர்கள் ஃபாண்ட் ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அது யூனிகோடு தமிழுக்கு ஒத்துழைக்காது. அதனால் முக்கியமான வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றித் தனியாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இன்னொரு எதிரி உண்டு, உப்புக்காற்று. தூசியோடு உப்பு சேர்ந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு தகடுகளை அரிக்கும். பட்டனை அழுத்தினால் பீப் பீப் என்று கத்துமே தவிர, திரையில் ஒன்றும் வராது. பெரும்பாலும் ராம் என்கிற நினைவகப் பட்டைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பல நேரம் எழுந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சிலும் ஈரம்தான்.

தண்ணீர் புகுந்தால் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரையில் வைத்த சிபியூக்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று ஆன் செய்து பார்த்ததில்தான் பல மெஷின்கள் செத்தன. ஆஃப் செய்திருந்தாலும் பிளக் சுவிட்ச் போட்டிருந்தால் போர்டுக்குள் 5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். முதலில் ஒயரைப் பிடுங்குங்கள், அப்புறம் அந்த நாணய பேட்டரியை எடுங்கள். ஹார்டு டிஸ்க் நனைந்திருந்தால், நல்ல ஆளிடம் போகும்வரை அதற்குக் கரண்டே காட்டாதீர்கள். நனைந்த போனை அரிசியில் புதைப்பதும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போகும் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததும், மெஷினே நின்றுவிடும் என்று சிலர் பயந்தார்கள். நிற்காது, ஓடும், புதிய பாதுகாப்பு ஓட்டைகள் வழக்கம்போல் தானாக அடைபடாது, அவ்வளவுதான். பத்திரிகை வேலைக்கு நெட் இல்லாமல் தனியாக ஓட்டலாம். நெட் வேண்டுமென்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு. காசு கொடுக்காமல் திருட்டு மென்பொருளை ஓட வைக்கும் கிராக் போடும் ஆள் "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மெதுவாக இருக்கிறது என்று, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போடுவது நல்ல செலவு. ஆனால் ஒன்று: பழைய டிஸ்க் சாகும் முன் டிக் டிக்கென்று சத்தம் கொடுத்தாவது சொல்லும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போகும். போட்ட அன்றே இன்னொரு பிரதிக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். உள்ளே காகிதத்தைச் சூடாக்கும் பகுதி இழுக்கிற கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

கடைசியில் சிபியூ காயலான் கடைக்குப் போகும். கிலோ கணக்கில் போடுகிற அவசரத்தில் டிஸ்க்கும் உள்ளேயே போய்விடுகிறது. ஜெராக்ஸ் கடை டிஸ்க்கில் என்ன இருக்கும்? ஸ்கேன் செய்த ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம். பழைய ஹார்டு டிஸ்க்கில் டெலிட் செய்வதும் குப்பைத்தொட்டியைக் காலி செய்வதும் எதையும் அழிக்காது, இடம் காலி என்று எழுதி வைக்கும், அவ்வளவே. ஒரு மென்பொருள் போதும், பல நேரம் மீட்டுவிடலாம். அண்ணன் போன மாதம் பழைய சிபியூவைப் போடக் கிளம்பியபோது ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றேன். நாலு ஸ்க்ரூ, இரண்டு ஒயர். டிஸ்க் இப்போது அவர் கல்லாப்பெட்டியில், பாமினி இருக்கும் பென் டிரைவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.