‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்கள், பார்சல் மட்டும் வரவில்லை: படிப்படியாக என்ன செய்யலாம்?

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்குப் போனில் ஒரு செய்தி: ‘உங்கள் பார்சல் டெலிவரி செய்யப்பட்டது.’ நான் வீட்டில்தான் இருந்தேன். காலிங் பெல் அடிக்கவில்லை, தெரு நாய்கூடக் குரைக்கவில்லை. வரவேண்டியது ஐந்து லிட்டர் குக்கர், 2,300 ரூபாய். பணம் முன்பே கட்டியாயிற்று. கஸ்டமர் கேரில் கேட்டால், “சார், எங்க சிஸ்டத்துல டெலிவர்டுன்னுதான் காட்டுது” என்று ஒரே பதில்.

குக்கர் எங்கே போயிருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதல்முறையாக இதில் மாட்டிக்கொண்டவர்கள் எதை முதலில், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்று பார்க்கலாம். இது இந்தியாவில் ஆர்டர் செய்பவர்களுக்கான வழி.

படி 1: முதலில் ஸ்கிரீன்ஷாட்

யாருக்கும் போன் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆர்டர் பக்கம், நீங்கள் கொடுத்த முகவரி, டெலிவரி ஆனதாகக் காட்டும் தேதியும் நேரமும், கூரியர் டிராக்கிங் எண், பணம் கட்டிய ரசீது, எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். முகவரியை நிதானமாக ஒருமுறை படியுங்கள். பழைய வாடகை வீட்டு முகவரிக்கோ ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கோ நாமே அனுப்பிவிட்டு இங்கே தேடிக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

டெலிவரிக்கு ஓடிபி கேட்கும் ஆர்டரா என்றும் பாருங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வந்து, அதை நீங்கள் யாரிடமும் சொல்லவே இல்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. “வாசல்ல நிக்கிறேன், ஓடிபி சொல்லுங்க” என்றவரிடம் ஆளைப் பார்க்காமலே சொல்லியிருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். அப்போதும் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.

படி 2: அந்தப் போட்டோவைப் பாருங்கள்

சில நிறுவனங்கள் பார்சலை வைத்த இடத்தைப் படமெடுத்துச் செயலியில் போடுகின்றன. என் ஆர்டரிலும் ஒரு படம் இருந்தது. நீல நிற இரும்பு கேட், அதன் கீழே பாதி அழிந்த கோலம், ஓரத்தில் காலி தண்ணீர் கேன். எங்கள் வீட்டில் கேட்டே கிடையாது, கிரில் கதவுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனிடமும், அடுத்த பிளாக்கில் அதே எண் உள்ள வீட்டிலும் கேளுங்கள். கேமரா இருந்தால் சங்கத்தில் அன்றே சொல்லிவிடுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கே பாதி வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. எங்கள் வீடு புதிய எண் 18. லேபிளில் வெறும் ‘18’ என்று இருந்ததால், பழைய எண் 18 போட்ட வீட்டுக்குப் போய்விட்டது பார்சல். தெருக்கோடியில் நீல கேட். உள்ளே ஒரு பாட்டி, டிவிக்குப் பக்கத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டி. “பெங்களூர்ல இருந்து பையன் அனுப்பியிருக்கான்னு நெனச்சேம்பா. ராத்திரி போன் பண்ணுவான், கேட்டுட்டுப் பிரிக்கலாம்னு வெச்சேன்” என்றார். காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

எல்லோருக்கும் பாட்டி கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் மேலே படியுங்கள்.

படி 3: டெலிவரி தம்பியிடம் ஒருமுறை பேசுங்கள்

செயலியில் அவரை அழைக்க வசதி இருந்தால் அதன் வழியாகவே அழையுங்கள். சண்டை வேண்டாம். “தம்பி, எந்த வீட்டுல குடுத்தீங்க, யாரு வாங்குனாங்க?” என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். சில சமயம் கணக்கை முடிப்பதற்காக ‘டெலிவர்டு’ என்று முன்கூட்டியே அழுத்திவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவருவார்கள். “நாளைக்குக் கண்டிப்பா வரும்” என்றால் சரி சொல்லுங்கள், ஆனால் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: புகார் எழுத்தில் இருக்கட்டும்

அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. பொருள் வரவில்லை என்று சொல்ல ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கெடு வைத்திருக்கும். அது தாண்டினால் செயலியில் அந்தப் பொத்தானே காணாமல் போய்விடும்.

போனில் பேசியது காற்றோடு போகும். சாட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

‘ஆர்டர் எண் இன்னது. இன்ன தேதி மதியம் 3.45-க்கு டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது. அப்போது நான் வீட்டில் இருந்தேன். பார்சல் என்னிடமோ என் வீட்டாரிடமோ தரப்படவில்லை. யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்கான சான்றை, அதாவது பெற்றவர் பெயர், கையெழுத்து, படம் ஆகியவற்றை அனுப்புங்கள். பொருளை மறுபடி அனுப்புங்கள் அல்லது கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள்.’

இதில் உயிர்நாடி அந்தச் சான்று கேட்கும் வரிதான். கூரியர்காரர்கள் அதை பிஓடி, அதாவது ‘புரூஃப் ஆஃப் டெலிவரி’ என்பார்கள். ‘டெலிவர்டு’ என்பது அவர்கள் சொல்வது. சொன்னவர்கள்தான் காட்ட வேண்டும். பல இடங்களில் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான் கிளிப்பிள்ளைப் பதில் நிற்கிறது.

“கூரியர் ஆபீஸ்ல கேளுங்க” என்று விற்ற நிறுவனத்தில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நீங்கள் பணம் கொடுத்தது கூரியருக்கு இல்லை. கூரியரை அமர்த்தியது அவர்கள், பேச வேண்டியதும் அவர்கள். கடைசியில் புகார் எண்ணை வாங்காமல் சாட் பக்கத்தை மூடாதீர்கள்.

பணமா பொருளா என்று கேட்டால், தள்ளுபடி விற்பனையில் வாங்கியதற்குப் பொருளையே கேளுங்கள் என்பேன். ரீஃபண்ட் வருவதற்குள் விலை ஏறியிருக்கும், அந்தக் காசுக்கு அதே பொருள் கிடைக்காது.

நடுவில் ஒரு எச்சரிக்கை: கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் போட்டு வைத்த போலி எண்கள் அங்கே உலவுகின்றன. செயலிக்குள் இருக்கும் எண் மட்டும்தான். பணம் திரும்பி வருவதற்கு உங்கள் யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், அது சைபர் குற்ற உதவி எண்.

படி 5: குறைதீர் அலுவலர்

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, இணைய வணிக நிறுவனங்கள் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரில் இரண்டு மூன்று முறை சுற்றவிட்டால் நேராக இவருக்கு எழுதுங்கள். படி 4-இல் எழுதியதையே, புகார் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் சேர்த்து அனுப்பலாம்.

கிரெடிட் அல்லது டெபிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் கைக்கு வரவில்லை என்று வங்கியிலும் ஒரு புகார் போடலாம். அதற்கும் கெடு உண்டு, தாமதிக்காதீர்கள்.

படி 6: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் இது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை. உங்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் அதுவரை அசையாதவர்கள் பலர் இதற்கு அசைகிறார்கள். அழைக்கும்போது ஆர்டர் எண், தொகை, தேதி, பழைய புகார் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் இருக்கட்டும்.

படி 7: நுகர்வோர் ஆணையம்

முந்நூறு ரூபாய் டீ ஷர்ட்டுக்காக இங்கே போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். போன், லேப்டாப் என்றால் தயங்க வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் ஆபீஸ் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு அடுத்தவர் பார்சல் வந்தால்

பிரிக்காதீர்கள். லேபிளில் பெயரைப் பார்த்து, பக்கத்து வீடு என்றால் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் அனுப்பியவருக்கோ கூரியருக்கோ சொல்லி வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரோ வந்து “அது எங்களுது” என்றால் பெயரையும் ஆர்டர் விவரத்தையும் காட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் என் முகவரியில் ‘புதிய எண் 18, பழைய எண் 7, பிள்ளையார் கோயில் எதிரில், கிரில் கதவு’ என்று முழுக்கப் போடுகிறேன். அதன் பிறகு என் பார்சல் எதுவும் வழிதவறவில்லை. போன மாதம் பாட்டியின் மகன் நிஜமாகவே அம்மாவுக்கு ஒரு மிக்ஸி அனுப்பினார். முகவரியில் வெறும் ‘18’ என்றுதான் போட்டிருந்தார் போல. மிக்ஸி எங்கள் வீட்டுக்கு வந்தது.